மூன்றாவது போல்ட்

மார்ச் 3, செவ்வாய்

காரிலிருந்து தண்ணீர் கசிவது தெர்மோஸ்டாட் மூடியின் அடியிலிருந்துதான். மூன்று போல்ட்டுகளைக் கழற்றினால் கேஸ்கெட்டை மாற்றிவிடலாம். என் வீட்டுக்காரருக்கு நாற்பது ஆண்டுகள் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவள், இதற்காக ஆள் கூப்பிடுவேனா?

இரண்டு போல்ட்டுகள் மரியாதையாக வந்தன. மூன்றாவது, காற்று வடிகட்டிப் பெட்டிக்குப் பின்னால். பெட்டியைக் கழற்றச் சோம்பல். கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதில் பார்த்துக்கொண்டே திருப்பினேன். அசையவில்லை. இன்னும் பலம் கொடுத்தேன். டக். போல்ட்டின் தலை முறிந்து கையோடு வந்தது.

கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். ஐந்தாம் வகுப்புப் பாடம். நான் கழற்றவில்லை, இறுக்கியிருக்கிறேன்.

மார்ச் 4

மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தார். “துரு புடிச்சு உள்ளயே உக்காந்துடுச்சு மேடம். எஞ்சினோட மேல்பாகம், அந்த ஹெட்டையே மாத்தணும். இந்த வண்டிக்கு ஹெட்டுக்கு எங்க போறது? தூக்கிப் போட்டுடுங்க.”

மாலையில் மகள் போன் செய்தாள். “அந்த மெக்கானிக் போல்ட்டை உடைச்சுட்டாராம்மா?” நான் பதில் சொல்லவில்லை. “சரி, விடு. பதினாலாம் தேதி பழைய இரும்புக்காரரை வரச் சொல்றேன். வண்டி இல்லாம அவ்வளவு தூரத்துல தனியா எப்படி இருப்பே? எங்க வீட்டுக்கே வந்துடு. மாடி ரூம் ரெடியா இருக்கு.”

மாடி ரூம். ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து.

மார்ச் 5

வாய் திறக்காமல் இருப்பதும் பொய்தான். நானே மகளைக் கூப்பிட்டேன். “உடைச்சது அவர் இல்லை, நான்.”

“நீயா! இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?”

“பதினாலுக்குள்ள ஓட்டிக் காட்டிட்டா?”

பின்னால் மாப்பிள்ளையின் சிரிப்பு. “அத்தை ஓட்டிக் காட்டட்டும், அப்புறம் மாடி ரூம் பத்தி நாங்க மூச்சே விடமாட்டோம்.”

சொன்னதை மனதில் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 6

பேட்டரியையும் காற்றுப் பெட்டியையும் கழற்றினேன். முழுதாக இருபது நிமிடம். முதல் நாளே செய்திருந்தால்? முறிந்த முனை அரிசியளவு நீட்டிக்கொண்டிருக்கிறது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சின்னச் சுத்தியலால் தட்டினேன். மூன்று நாள் ஊறட்டும்.

மார்ச் 9

முறிந்த முனைக்குச் சூடு காட்டி, மெழுகுவர்த்தியை அதன்மேல் வைத்தேன். உருகிய மெழுகை மரை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு குறட்டால் பிடித்துத் திருப்பினேன். வழுக்கியது. மறுபடியும். நீட்டிக்கொண்டிருந்த கொஞ்சமும் மழுங்கிப் போச்சு. பிடிக்க ஒண்ணுமே இல்லை. ஐயோ, உனக்கு அவசரம் எதுக்குடி? எதுக்கு?

மார்ச் 10

முகம் கழுவிக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்கு நடந்தேன். இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், சுற்றும் ட்ரில் பிட் கேட்டேன்.

“யாருக்கு மேடம்? சார் வரலையா?”

“சார் போய் மூணு வருஷம் ஆச்சு. எனக்குத்தான்.”

முறிந்த கதையைக் கேட்டுக்கொண்டே அவர் ஏணி போட்டு எடுத்து, தூசி துடைத்துக் கொடுத்தார். “நடுவுல இறங்கணும் மேடம். கொஞ்சம் விலகினாலும் சுத்தி இருக்கற அலுமினியத்தைத் தின்னுடும்.”

தெரியும். அதுதான் பயமே.

மார்ச் 11

ஒன்றும் செய்யவில்லை. பிட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, உறையிலேயே திருப்பி வைத்தேன்.

மார்ச் 12

பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் சிஸ்டர் என் காஜாவை நான்கு முறை பிரிக்க வைத்தார். இன்று நான் போல்ட்டின் நடுப்புள்ளியை ஐந்து முறை அழித்துக் குறித்தேன். ஐந்தாவது சரி. கூர்முனை உளியால் அதில் ஒரே தட்டு. ட்ரில்லைப் பின்சுற்றுக்கு மாற்றி, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி இறக்கினேன். இரும்பு சுருள் சுருளாக வந்தது.

திடீரென்று பிட் கடித்துக்கொண்டது. முடிந்தது என்று நினைத்தேன் — இல்லை! போல்ட் சுற்றுகிறது. பிட்டோடு சேர்ந்து தானாகவே மேலே ஏறி வருகிறது!

வந்துவிட்டது. முழுசாக. மரையில் ஒரு கீறல்கூட இல்லை.

கராஜில் தனியாக நின்று கைதட்டினேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

மார்ச் 13

புதுக் கேஸ்கெட், புதுப் போல்ட்டுகள். அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, அடியில் வெள்ளைத் தாள் விரித்தேன். ஒரு சொட்டு இல்லை.

மார்ச் 14, சனி

இரும்புக்காரர் லாரியைக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார். கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன், வண்டி எடுக்க வேண்டும் என்று. “எந்த வண்டியம்மா?” என்றார். “நீங்க எடுத்துட்டுப் போக வந்தீங்களே, அதுதான்.”

நேரே மகள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். “அத்தை! நிஜமாவே ஓடுதா?”

“பின்னே, பறந்தா வந்தேன்?”

மகள் சூடான பானெட்டின்மேல் கை வைத்துப் பார்த்தாள். “உள்ள வாம்மா, காபி குடிச்சுட்டு உன் வீட்டுக்குப் போ” என்றாள். ‘உன் வீட்டுக்கு’ என்றாள்.

மார்ச் 29, ஞாயிறு

மாப்பிள்ளையின் காரில் சைலன்சர் போல்ட் முறிந்துவிட்டதாம். அதே மெக்கானிக்கிடம் காட்டினாராம். “எதுக்கு சார் என்கிட்ட, உங்க வீட்டு மேடத்துக்கிட்டயே போங்க” என்றாராம் அவர். பழைய சட்டை போட்டுக்கொண்டு பத்து மணிக்கு வரச் சொன்னேன்.

மணி பத்தேகால். இன்னும் காணோம்.