துண்டு வெட்டாத ஆறு பேர்

ஜூன் 3, செவ்வாய்

மழை. விடியுமுன் தொடங்கியது, பத்து மணிக்கும் விடவில்லை. கிளினிக் நாள் வேறு. டிஸ்பென்சரிக் கூரை போன வருஷம் விழுந்ததிலிருந்து தோட்டத்துக் கிளினிக், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில்தான். ஒரு பக்கம் தொட்டிலில் பதினொரு பிள்ளைகள். மறுபக்கம் பிள்ளைத்தாய்ச்சிகள். நடுவில் பிரஷர் பார்க்க வந்த கூட்டம். மிட்வைஃப் மிஸ் குழந்தை நிறுக்கும் தராசைச் சோற்று மேசையில் வைத்தார். பருப்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேர் கூப்பிட்டேன். சேலையில் மஞ்சள் கறை. துவைத்தும் போகவில்லை.

மடுவத்து ஜன்னலில் பார்த்தால் முப்பது அடியில் கொரோனா வார்டு. நீலக் கூரை, டைல்ஸ் தரை, ஆறு கட்டில், ஒரு ஒட்சிசன் மெஷின். கொரோனாவுக்காகக் கட்டத் தொடங்கி, கொரோனா போன பிறகு ரிப்பன் வெட்டித் திறந்து, அன்று சாயங்காலமே பூட்டினார்கள். அடுத்த நோய் வந்தால் தயாராக இருக்கவேண்டுமாம். வாசல் பளிங்குக் கல்லில் வந்தவர்களின் பேர். கட்டியவர்கள் பேர் இல்லை. படியில் ராஜம்மா வீட்டு ஆடு. இதுவரை அந்த வார்டில் பலன் கண்ட ஒரே உயிர்.

மழையால் ரப்பர் பால் வெட்டு இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சுக்கு லீவு கிடையாது. கொரோனா வந்து போனதிலிருந்து இந்த வீசிங். காலையில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், விசில் மாதிரிச் சத்தம். ரிஸ்வான் நானாவின் த்ரீவீலில் டவுன் ஆஸ்பத்திரி. பாதி ரோட்டில் மண் சரிந்து கிடந்தது, சுற்றிப் போய் ஒன்றரை மணி நேரம். மருந்துப் புகை பிடித்து மாலை திரும்பினார். "நானா நல்லா ஓட்டுறாரு" என்றார். அவ்வளவுதான் அவருடைய முறைப்பாடு.

டாக்டரும் கரண்டும் தந்து வார்டைத் திறக்கச் சொல்லி மனுப் போட்டு எட்டு மாதம். எழுதியது நான், கையெழுத்து லயத்து வீடுகள் முழுக்க. தோட்டம் சொல்கிறது, கட்டடம் அரசாங்கத்தினுடையது. அரசாங்கம் சொல்கிறது, நிலம் தோட்டத்தினுடையது. அப்படியென்றால் சுவர் அவர்களுக்கு, தரை இவர்களுக்கு. நடுவில் உள்ள காற்று யாருக்கு? அதுதான் எங்கள் வீட்டுக்காரருக்கு வேண்டியிருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

விட்டு விட்டு மழை. அட்டை கடித்தது, இடது கால்.

பெரிய செய்தி. கொழும்பிலிருந்து கணக்காய்வுக்காரர்கள் வருகிறார்களாம், புதன்கிழமை. கொரோனாக் காலத்தில் கட்டிய கட்டடமெல்லாம் ஓடுகிறதா, பூட்டிக் கிடக்கிறதா என்று பார்க்க. என் மனுவால்தான் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டேன். மடுவத்துக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

மத்தியானமே சுண்ணாம்பு வாளி இறங்கியது. வார்டுக்குப் போகும் ரோட்டில் உள்ள லயங்களுக்கு மட்டும், முன் பக்கம் மட்டும். இந்தத் தோட்டத்தில் யார் வந்தாலும் இதுதான் முறை. வருகிறவர் பின்பக்கம் போகமாட்டார் என்பது தோட்டத்தை நடத்துகிற தொரைமாரின் நம்பிக்கை, இதுவரை பொய்த்ததில்லை.

ஆட்டைத் துரத்தினார்கள். திரும்பி வந்துவிட்டது.

ஜூன் 7, சனி

வெயில், ஆச்சரியம். துணி காய்ந்தது.

தோட்டத்தில் எங்கள் நலன் பார்க்கிற வெல்ஃபெயார் ஐயா கூட்டம் போட்டார். புதுச் சட்டை, விலைத்துண்டு கழுத்தில் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை, நானும்தான்.

விஷயம்: புதன்கிழமை கட்டில்களில் ஆள் இருக்கவேண்டும். வெறும் கட்டிலைப் பார்த்தால் எழுதிவிடுவார்கள். படுக்கிற ஆறு பேருக்கும் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், போடுவார்கள். மலையில் கொழுந்து எடுக்காமல், மரத்தில் பால் வெட்டாமல், மெத்தையில் படுத்து ஒரு நாள் பேர். பத்து மாதத் தூக்கம் பாக்கி இருந்ததுபோல் கைகள் உயர்ந்தன. என் கையும். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை.

பட்டியல் வாசித்தார்.
பாக்கியம் டீச்சர், வயிற்றுவலி (நான்தான், நான்காம் கட்டில்).
ராஜம்மா, பிரஷர்.
பெருமாள், கால் முறிவு. எந்தக் கால் என்று முடிவாகவில்லை.
மற்ற மூன்று பேருக்கும் காய்ச்சல், தொற்றாத வகை.

ராஜம்மா: "எனக்கு நெசமாவே பிரஷர் இருக்குங்க ஐயா. அதுக்கு ரெண்டு பேர் போடுவீங்களா?"

"சும்மா இரு ராஜம்மா."

"படுக்கத்தானே போறேன், சும்மாதான் இருப்பேன்."

அப்போது எங்கள் வீட்டுக்காரர் எழுந்தார். கூட்டத்தில் எழுந்து பேசுகிற ஆள் இல்லை. "நானும் படுக்கிறேங்க ஐயா. அப்படியே அந்த மெஷினையும் போட்டுப் பார்த்தா..." அதற்குள் இருமல் வந்துவிட்டது. நீளமான இருமல். எல்லோரும் முடியும்வரை காத்திருந்தோம்.

வெல்ஃபெயார் ஐயா டாக்டரையாவைப் பார்த்தார். (டாக்டரையா டாக்டர் இல்லை, தோட்டத்தில் மருந்து கொடுக்கிறவர். வேறு டாக்டர் வராததால் பட்டம் அவருக்கே.) டாக்டரையா வேண்டாமென்று தலையாட்டினார்.

"நீங்க வேணாம் அண்ணே" என்றார் வெல்ஃபெயார் ஐயா. "நீங்க இருமினா வர்றவங்க பயந்துருவாங்க. பார்க்கச் சொகமா இருக்கிற நோயாளிதான் வேணும்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரும்.

ஜூன் 10, செவ்வாய்

போசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமித் திருநாள். சந்தியில் இலவசச் சாப்பாட்டுத் தன்சல், மரவள்ளிக் கிழங்கும் சம்பலும். இரண்டு முறை வரிசையில் நின்றேன். இரண்டாவது முறை முக்காடு போட்டுக்கொண்டு. கொடுக்கிறவர் "ஆயெத்?" என்று சிரித்தார். திரும்பவுமா என்று கேட்கிறார். ஆமாம், திரும்பவும்தான்.

மாலை ஒத்திகை. வார்டுக்குக் கரண்ட் இல்லை, மீட்டரே போடவில்லை. மடுவத்திலிருந்து வயர் இழுத்தார்கள். பல்ப் எரிந்தது. ஒட்சிசன் மெஷினுக்கு இன்னும் பொலிதீன் உறை பிரிக்கவில்லை. பிரிக்கவேண்டாம் என்றார் டாக்டரையா, தூசி படியுமாம்.

எல்லோருக்கும் கட்டில் துண்டு எழுதினார். பேர், வயது, நோய், அனுமதித்த தேதி. என் வயதைக் கேட்டார். நாற்பத்தாறு என்றேன். அவருடைய பெரிய ரெஜிஸ்டரிலும் அதுவே ஏறியது. அரசாங்கப் புத்தகத்தில் ஐந்து வயது குறைந்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

மழை இல்லை, மூட்டம்.

ஏழு மணிக்கே படுத்துவிட்டோம். மெத்தை நல்ல மெத்தை. கோபம் வந்தது, இப்படி ஒரு மெத்தை முப்பது அடியில் இத்தனை நாள் பூட்டிக் கிடந்திருக்கிறதே என்று. பிறகு தூக்கம் வந்தது.

பதினொன்றரைக்கு ஜீப். மூன்று பேர். இரண்டு ஐயாமார் வாசல் கல்லைப் படம் எடுத்தார்கள். உள்ளே வந்தது மிஸ் ஒருவர், கண்ணாடி, தோளில் கனமான பை. நல்ல முகம். அதுதான் கஷ்டமாகிவிட்டது.

மெஷின் பொலிதீனைத் தொட்டுப் பார்த்து ஏதோ எழுதினார். பெருமாளிடம் போனார். கட்டு வலது காலில், தடவிக்கொண்டிருந்தது இடது கால். மிஸ் கவனிக்கவில்லை. ராஜம்மா கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையார் மாதிரி இருந்தாள்.

என்னிடம் வந்தார். குனிந்து மெதுவாகக் கேட்டார், "அம்மாட்ட தென் கொஹொமத?" இப்போது எப்படி இருக்கிறது என்று.

இந்த ஒரு இடம்தான். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். மிஸ், எனக்கு ஒன்றுமில்லை, இது நேற்றுத்தான் திறந்தது, இங்கே டாக்டர் கிடையாது என்று சொல்ல மூன்று வசனம் போதும். வாய்வரை வந்தது. கட்டிலின் கால்மாட்டில் வெல்ஃபெயார் ஐயா நின்றார்.

"தென் ஹொந்தாய் மிஸ்" என்றேன். இப்போது நல்லாயிருக்கிறேன். சொன்னதோடு விடாமல் வயிற்றைப் பிடித்து ஒரு முனகலும் போட்டேன். யாரும் போடச் சொல்லாத முனகல். கலைக்காக.

வெளியே படியில் இருமல் சத்தம். நாய் வராமல் பார்க்க எங்கள் வீட்டுக்காரரை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். மிஸ் திரும்பிப் பார்த்து யார் என்று கேட்டார். "நோயாளியைப் பார்க்க வந்தவர்" என்றார் வெல்ஃபெயார் ஐயா, என்னைக் காட்டி. மிஸ் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

முழுப்பேர் விழுந்தது. சோறு இறங்கவில்லை. இல்லை, பொய் எழுதக்கூடாது: இறங்கியது, ருசிக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

கொட்டுகிறது. வார்டு பூட்டியாகிவிட்டது. வயரைச் சுருட்டி மடுவத்து மூலையில் போட்டார்கள்.

காலை ஆறரைக்கு எங்கள் வீட்டுக்காரருக்குத் திரும்ப மூச்சு முட்டியது. இந்த முறை விசில்கூட இல்லை. அதுதான் பயம். உதடு கறுப்பு. டாக்டரையா வீட்டுக்கு ஓடினேன், ஒரு செருப்பு சேற்றில் போயிற்று.

"சாவி ஒங்ககிட்டதானேங்க. அந்த மெஷினைப் போட்டுப் பாருங்க."

"மேல இருந்து ஓடர் இல்லாம எப்படி டீச்சர்? டாக்டர் சொல்லாம ஒட்சிசன் போட ஏலாது. ஏதும் ஆச்சுன்னா என்னையத்தானே கேப்பாங்க."

அவரும் பாவம்தான். அது தெரிந்தபோதும் அடிக்கவேண்டும் போலிருந்தது.

நானாவின் த்ரீவீல். மண்சரிவில் மீண்டும் சுற்று. வளைவுக்கு வளைவு அவர் நெஞ்சில் காது வைத்துக்கொண்டு போனேன். நானா கண்ணாடியில் பார்த்து, "பேச்சுக் குடுத்துக்கிட்டே வாங்க தங்கச்சி" என்றார். நான் பேசாத நாள் எது. இன்று ஒன்றும் வரவில்லை. கடைசியில் பெருமாளின் காலைப் பற்றிச் சொன்னேன். சிரிக்க முயன்றார். சிரிக்க வைக்கப் பார்த்ததற்கும் என்னைத் திட்டிக்கொண்டேன்.

மூன்று நாள் வைத்திருப்பார்களாம். ஆஸ்பத்திரி டாக்டர், சின்ன வயது, முப்பதுகூட இருக்காது, கேட்டார்: "பக்கத்தில ஒட்சிசன் வசதி ஒண்டும் இல்லையா? அடுத்த தடவை இவ்வளவு தூரம் தாங்காது."

இருக்கிறது என்று சொல்லவா, இல்லை என்று சொல்லவா?

ஜூன் 27, வெள்ளி

வெயிலும் மழையும். பிள்ளைகளுக்குச் சளி, பதினொன்றில் எட்டு.

மனுவுக்குப் பதில். எட்டு மாதம் வராதது அந்த மிஸ் வந்துபோன பதினாறு நாளில் வந்துவிட்டது. மூன்று முறை வாசித்தேன். சாரம்: "மேற்படி நிலையம் திருப்திகரமாக இயங்கி வருகின்றது. பரிசோதனையின்போது ஆறு நோயாளர்கள் தங்கிச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தனர். உபகரணங்கள் புதியவை போல் பேணப்படுகின்றன. எனவே வைத்தியர், மின் இணைப்பு என்பன தொடர்பான தங்கள் கோரிக்கை எழவில்லை."

மனு எழுதியதும் நான். அதைப் பொய்யாக்கியதும் நான், நான்காம் கட்டில், முனகலோடு.

ராஜம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாங்க அங்கதான் இருக்கோம்னு எழுதியிருக்காங்களா?"

"ஆமா."

"யாரு வீட்டுக்குப் போகச் சொன்னா நம்மள? துண்டே வெட்டலியே."

ஆஸ்பத்திரியில் படுத்தவரை அனுப்பத் துண்டு வெட்டவேண்டும். ஆட்டுக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்கு இரண்டு வாரமாகத் தோன்றவில்லை. டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள்.

ஜூன் 30, திங்கள்

மழை. வேலைக்குப் போகவில்லை ஆறு பேரும். மடுவத்தை உதவி ஆயாவிடம் விட்டேன். வார்டுக்குக் கொண்டுபோனவை: தலையணை, கோப்பை, சீப்பு, ஃபிளாஸ்க், கடிதம், எங்கள் வீட்டுக்காரர்.

டாக்டரையா குடையோடு ஓடி வந்தார்.

"என்னா டீச்சர் இது?"

"பேஷன்டுங்க வந்திருக்கோம். தொறங்க."

"ஓடர் இல்லாம..."

கடிதத்தைக் கொடுத்தேன். குடைக்குள் வாசித்தார். "இயங்குதுன்னு எழுதியிருக்காங்க. இயங்குற வார்டுக்குப் பூட்டு எதுக்குங்க?" என்றேன். "பூட்டித்தான் வச்சிருக்கோம்னு அந்த மிஸ்ஸுக்கு நீங்க எழுதித் தாங்க, நாங்க போயிர்றோம்."

குடையை மடக்கிச் சாவியை எடுத்தார். திறந்தார்.

வயரை நானே இழுத்தேன். கட்டில் துண்டுகள் அதே இடத்தில், கொஞ்சம் பூஞ்சணம். நான் இன்னும் நாற்பத்தாறு.

வெல்ஃபெயார் ஐயா வந்து கத்தினார். முழுப்பேரைப் பிடிப்பேன் என்றார், பொலிஸ் என்றார். பிறகு இறங்கி, "துண்டு வெட்டித் தர்றோம், போங்க" என்றார்.

"வெட்டுங்க" என்றாள் ராஜம்மா.

டாக்டரையா ரெஜிஸ்டரைத் திறந்தார். அனுமதிக்கும் பத்தியில் அவர் கையெழுத்துப் போடலாம். போட்டிருக்கிறார், ஆறு முறை. அனுப்பும் பத்தியில் டாக்டர்தான் போடவேண்டும். அச்சடித்தே இருக்கிறது. வெல்ஃபெயார் ஐயா அடுத்த பக்கத்தைப் புரட்டினார், அங்கேயும் அதே அச்சு.

பெருமாள் மெதுவாக, "அப்ப டாக்டரக் கூட்டிட்டு வாங்க" என்றான். இன்றைக்குக் கட்டு இடது காலில்.

எங்கள் வீட்டுக்காரர் வாசலில் நின்றார், பார்க்க வந்தவர் மாதிரியே. கூப்பிட்டு என் கட்டிலில் படுக்க வைத்தேன். மெத்தையை அமுக்கிப் பார்த்து, "நல்லா இருக்கே" என்றார். நான் பக்கத்து ஸ்டூலில்.

ஜூலை 1, செவ்வாய்

மழை. மூன்றாம் கட்டிலுக்கு மேல் ஒழுகுகிறது. ராஜம்மா பேசின் வைத்திருக்கிறாள்.

அரசாங்கச் சுகாதார எம்.ஓ.எச். ஒப்பீஸில் இருந்து டாக்டர் வருகிறாராம், எங்களை அனுப்புவதற்கென்றே. டாக்டரையா காலையிலேயே மெஷின் பொலிதீனைப் பிரித்துவிட்டார், யாரும் சொல்லாமல். உள்ளே மெஷினைப் போடும் முறை எழுதிய சின்னப் புத்தகம், சுற்றிய பட்டிகூடப் பிரியாமல்.

எங்கள் வீட்டுக்காரருக்கு விசில் தொடங்கியிருக்கிறது. லேசாக. முதுகைத் தடவிக்கொண்டே இதை எழுதுகிறேன், எழுத்துக் கோணல்.

வான் சத்தம். குடை மடக்கும் சத்தம். டாக்டர் சின்ன ஆள், களைத்த முகம், கழுத்தில் குழாய். வாசலில் நின்று ஏழு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மெஹே லெடா கவுத?" இங்கே நோயாளி யார்.

ராஜம்மா என்னைப் பார்த்தாள். பெருமாள் காலைக் கீழே இறக்கினான். யாரும் முனகவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார்.