நம்பர் அழிந்த நாற்பது சோக்குகள்

நேற்று லேப்புக்கு எல்இடி விளக்குகள் வந்து இறங்கின. அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் மேலாகவே கிடந்தது ஒரு வாரண்டி கார்டு. கொண்டுவந்தவர் பெருமையாகச் சொன்னார், "இதுல தனியா சோக்குன்னு ஒண்ணு கிடையாதுக்கா. இரையாது, புகையாது, ஒரு தொந்தரவும் இல்ல." கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். படிக்கவில்லை. நம் இருவரில் படிக்கிறவள் நீதானே. அந்த நேரம் பார்த்து உள்ளே யாரோ ஸ்பிரிட் போட்டு மேஜையைத் துடைத்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கார்டைப் பெட்டியிலேயே போட்டேன். கண் எரிகிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் இதே வாடையில் பிழைத்தவளுக்குக் கண் எரிகிறதாம். கேட்டவர்கள் நம்பிவிட்டார்கள்.

நீ போய் மூன்று வருஷமாகிறது. நீ இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதியதில்லை, இப்போது எழுதுகிறேன். நான் அப்படித்தான். பந்தி எல்லாம் முடிந்த பிறகு இலை போடுகிறவள்.

நாம் வேலைக்குச் சேர்ந்தபோது அஞ்சுகிராமம் பக்கத்தில் இப்படி ஒரு லேப் இருப்பதே பலருக்குத் தெரியாது. வாழைக்கன்றைக் கண்ணாடிப் பாட்டிலில் வளர்க்கிறார்கள் என்றால் எங்கள் வீட்டில் சிரித்தார்கள். செவ்வாழையும் நேந்திரனும் கடுகளவு துண்டாக ஜெல்லிக்குள் இறங்கி, ட்யூப் லைட்டையே சூரியனென்று நம்பி, இலை விடும். தினம் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும். குறைந்தால் வெளிறிப்போய் நூலாக நீண்டுவிடும். அந்த லைட்டுகளை எரிய வைக்கிற சோக்குகள் சூடு கக்கும் என்பதால் அறைக்கு வெளியே, வராந்தாச் சுவரில் ஒரு பலகையில் வரிசையாக மாட்டியிருந்தோம். கரண்டு நம் பக்கம் ஒரு நாளும் ஒழுங்காக வந்ததில்லை. "ஆரல்வாய்மொழியில கரண்டு எடுக்க அத்தன காத்தாடி சுத்துது, நமக்கு மட்டும் துள்ளித் துள்ளி வருகு பாரு" என்பாய். பழைய சோக்குகள் அடிக்கடி போய், 2007இல் முதலாளி மொத்தமாக நாற்பது புது எலக்ட்ரானிக் சோக்குகள் வாங்கிப் போட்டார். ஒன்றரை வருஷ வாரண்டி.

அந்தக் கார்டின் பொடி எழுத்தை முழுக்கப் படித்தவள் நீ ஒருத்திதான். வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்துப் படித்தாய். சோக்கின் நெற்றியில் ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கரைக் காட்டிச் சொன்னாய், "வாரண்டி சோக்குக்கு இல்லட்டி, இந்த நம்பருக்கு. இது இல்லேண்ணா கம்பெனிக்காரன் திரும்பியும் பாக்கமாட்டான். ஸ்டிக்கர மட்டும் தொடாண்டாம், கேட்டியா." நான் சரி சரி என்றேன். காதில் வாங்கியது போலத்தான் இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூசை. வளர்ப்பறைக்குள் பூவும் பொட்டும் கொண்டுபோகக் கூடாது, பூஞ்சை வந்துவிடும். அதனால் எல்லாம் வராந்தாவில். நீ முட்டத்து மாதா கோயில் பிள்ளை, ஆனால் அவல் பொரிக்கு முதலில் கை நீட்டுகிறவளும் நீதான். "எனக்க பங்கு எங்கட்டி? சாமி உனக்கு, பொரி எனக்கு." நீ உள்ளே பாட்டில் அடுக்கப் போன நேரம், சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நான் பலகைக்குப் போனேன். கறுப்புச் சோக்கில் சந்தனம் வைக்கத் தோதாகத் தெரிந்தது அந்த வெள்ளை இடம் ஒன்றுதான். வழவழவென்று சந்தனம், நடுவில் குங்குமம். நாற்பதுக்கும் வைத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

விடுமுறை முடிந்து வந்த அன்று நீ லீவு. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் போயிருந்தாய். சந்தனம் ஈரம் கோத்துப் பூத்திருந்தது. பூஞ்சையைக் கண்டால் நம் கை சும்மா இருக்குமா? பஞ்சை எடுத்தேன், ஸ்பிரிட்டில் முக்கினேன், ஒவ்வொன்றாக அழுத்தித் துடைத்தேன். சந்தனம் போயிற்று. கூடவே நம்பரும், மாதமும், வருஷமும் போயின. ஸ்பிரிட்டுக்கு அச்சு மை எம்மாத்திரம். நாற்பது ஸ்டிக்கரும் வெள்ளை வெளேரென்று நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. பலகைக்கு முன்னால் ஒரு பழைய திரைச்சீலையை இழுத்து விட்டேன். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் நீ வந்து சீலையை விலக்கினாய். வெறும் ஸ்டிக்கரில் விரலை ஓட்டிவிட்டு என்னைப் பார்த்தாய். "ஏட்டி, என்னட்டி செய்து வச்சிருக்க?" நான் அழுதுவிட்டேன். நீ சீலையைப் பழையபடி இழுத்து விட்டாய். "செரி, அழாத. ஒண்ணும் புகையாம இருக்கட்டும்ணு நான் மாதாட்ட சொல்லுதேன். நீ உனக்க முருகன்ட்ட சொல்லு. ரெண்டு பேருமா சேந்து பாத்துக்கிடட்டும்."

இரண்டு பேரும் கைவிட்டார்கள். சித்திரை வெயில் தொடங்கியதும் சோக்குகள் ஒவ்வொன்றாக இரைந்து, நாறி, கருகின. முதலில் மூன்று, அப்புறம் ஒன்பது, மாதம் முடிவதற்குள் பாதிக்கு மேல். விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய கன்றுகள் இருட்டு ரேக்குகளில் வெளிறிக் கிடந்தன. கூடை கூடையாகப் பாட்டில்களைக் கொண்டுபோய் நாம் இருவருமே கொட்டினோம். நீ ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொட்டினாய், ஏதாவது ஒன்று தேறாதா என்று.

கம்பெனி ஆள் வந்து சீலையை விலக்கிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. "சார், பேரு இல்லாம இறப்பு சர்டிபிகேட் எழுத முடியுமா? நம்பர் இல்லாம நான் எதை எழுதி அனுப்ப?" என்று சொல்லி, பையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

முதலாளி நம் எல்லோரையும் வராந்தாவில் நிறுத்தினார். ஸ்டிக்கரின் ஓரத்தில் குங்குமச் சிவப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிக் காட்டினார்.

"பூசைக்கு வச்ச சந்தனத்த அழிச்சது யாரு?"

எனக்கு வாயில் கொழுக்கட்டை அடைத்திருந்தது. லேப்பில் போடுகிற முகமூடி வேறு. அந்த மாதம்தான் என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ கவிழ்ந்து இடுப்பு உடைந்து கிடந்தார். பிள்ளை ஒன்றாம் வகுப்பு. வீட்டில் உலை வைப்பது என் சம்பளம் ஒன்றுதான். இதெல்லாம் காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிஷம் நான் பிள்ளையை நினைக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

நீ முகமூடியைக் கீழே இறக்கினாய். "நாந்தான் சார். தெரியாம துடச்சிட்டேன்."

முதலாளி உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேதக்காரிக்குச் சந்தனத்தப் பாத்தா பொறுக்கலியோ?"

கவனக்குறைவு என்று திட்டுவார் என்றுதான் நீ நினைத்திருப்பாய். இந்தப் பேச்சை எதிர்பார்த்திருக்கமாட்டாய். உன் காது சிவந்ததைப் பார்த்தேன். திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தாய். உடனே கண்ணை எடுத்துக்கொண்டாய். துடைத்த அன்று நீ லீவு. வருகைப் பதிவேடு கைக்கெட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கியது. ஒரு பக்கம் புரட்டினால் உன் பொய் அரை நிமிஷம் நிற்காது. யாரும் புரட்டவில்லை. நானும்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எனக்கு வந்தது உன் தலையோடு போயிற்று.

அன்றைக்கே உன் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார். உடை மாற்றுகிற அறையில் உன் வெள்ளைக் கோட்டை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாய், "மூஞ்ச தூக்கி வைக்காதட்டி. நான் ஒத்தக்கட்ட, எங்கயும் போய்ப் பிழைச்சுக்கிடுவேன். உனக்க வீட்டுக்காரரு எந்திரிச்சு நடக்கட்டும். அப்பம் பைய உள்ளதச் சொல்லிக்கிடலாம்."

அடுத்த வருஷமே அவர் எழுந்து நடந்தார். நான் உள்ளதைச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், பூசை கழியட்டும், முதலாளி மகள் கல்யாணம் கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். நீ இருந்தால் உனக்கு வந்திருக்க வேண்டிய சூப்பர்வைசர் வேலை எனக்கு வந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன். நீ கேரளத்தில் இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீரில் நின்று இறால் உரித்தாய். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது போன் பண்ணுவாய். ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. "வெளக்கெல்லாம் ஒழுங்கா எரியுதாட்டி?" என்று மட்டும் கேட்பாய். கேலியா, நிஜமாகவே கேட்கிறாயா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எரிகிறது என்பேன்.

வயிற்றில் கட்டி என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வந்தேன். சொல்லிவிடுவதென்று பஸ்ஸிலேயே மனதில் அடுக்கிக்கொண்டுதான் வந்தேன். உன் மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கியது. "அந்தச் சோக்கு விஷயம்..." என்று தொடங்கினேன். "இப்பம் அதுவா முக்கியம்? ஆரஞ்ச உரிச்சுத் தா" என்றாய். உரித்துக் கொடுத்தேன். இரண்டு சுளை தின்றாய். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

உன் அடக்கத்துக்கு முட்டம் வந்தேன். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு எல்லோரும் கலையும்போது உன் அம்மா என்னைத் தேடி வந்தாள். என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான அந்த லேப்பு பிள்ள? எனக்க மக உங்க சாமிக்கு வச்ச சந்தனத்த அழிச்சுப் போட்டா. என்ன புத்தியில செய்தாளோ. மனசுல வச்சிக்கிடாத மக்கா. அவளுக்காக நான் கேக்குதேன்."

அம்மாவிடமும் நீ அந்தப் பொய்யையே சொல்லியிருக்கிறாய். அம்மா நிறுத்தவில்லை.

"சாமியாருட்ட பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணீட்டு வாண்ணு எத்தன தடவ சொன்னேன். மத்த எல்லாத்துக்கும் போவா. இதுக்கு மட்டும் போகமாட்டேண்ணு பிடிவாதம். சாமியாரு கடைசி எண்ணெய் பூச வந்தப்பயும் இத அவருட்ட சொல்லல. அந்தப் பாவத்தோடயே போயிட்டாளேண்ணுதான் எனக்கு உறக்கம் இல்ல."

முதலாளியிடம் பொய் சொன்னாய். பெற்றவளிடம் சொன்னாய். சாமியார் காது கொடுக்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முட்டி போட்டு, செய்யாத பாவத்தைச் செய்தேன் என்று சொல்ல மட்டும் உனக்கு நாக்கு வரவில்லை. உள்ளதைச் சொல்லியிருக்கலாம், சாமியார் யாரிடமும் சொல்லப் போவதில்லை. அங்கேகூட என்னைக் காட்டிக்கொடுக்க நீ விரும்பவில்லை போலிருக்கிறது. ஏட்டி, உனக்கு என்ன கேடு? என்னத்துக்கு என்னை இப்படிக் காப்பாற்றினாய்? நான் அதற்குத் தகுந்தவளா?

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்வதற்கு அதைவிட இடம் கிடையாது. உன்மேல் போட்ட மண் இன்னும் ஈரமாக இருந்தது. இரண்டு வார்த்தை போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பரவாயில்லம்மா, நாங்க அத எப்பவோ மறந்தாச்சு" என்றேன். நான் உன்னை மன்னித்தேன். அம்மா என் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

உன் ஒவ்வொரு நினைவு நாளுக்கும் அம்மா மாதா கோயிலில் உனக்காகப் பூசை வைக்கிறாள் என்று உன் தம்பி சொன்னான். ஆன்மா இளைப்பாறத்தான் எல்லோரும் வைப்பார்கள். அம்மா அந்தச் சந்தனத்துக்காக வைக்கிறாள். பார்வை முக்கால்வாசி போய்விட்டதாம், ஆனாலும் யாரையாவது பிடித்துக்கொண்டு நடந்தே போகிறாளாம். இரண்டு தடவை முட்டம் பஸ் ஏறினேன். ஒரு தடவை ராஜாக்கமங்கலத்தில் இறங்கித் திரும்பிவிட்டேன். இன்னொரு தடவை உன் தெரு முக்குவரை வந்தேன். வாசலில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கண் தெரியாததால் என்னை நேராகப் பார்த்தும் அடையாளம் தெரியவில்லை. யாரு அது என்று கேட்டாள். வழி தவறி வந்தவள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதை எழுதினால் தைரியம் வரும் என்றுதான் உட்கார்ந்தேன். வந்ததா என்று தெரியவில்லை. என்னை எனக்குத் தெரியும், நாளைக்கு மழை என்பேன், நாளை மறுநாள் கன்று ஏற்றுகிற நாள் என்பேன். அம்மாவுக்கு வயது எண்பதாகப் போகிறது. அவளிடம் சொல்ல வேண்டியதை ஒரு தடவைகூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, உன்னிடம்கூட. உனக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிட்டேன். இப்போது வீட்டில் யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அழிச்சது நான்தாம்ட்டி.