மடியில் பால் இருந்த மான்

ஞாயிறு, இரவு

அய்யலூர் பக்கம் காட்டில் கோழி சமைத்துச் சாப்பிடலாம் என்றுதான் அக்கா கூப்பிட்டாள். இரண்டு வீட்டு ஆட்களும் ஒரே வேனில் போனோம். இறங்கியதும் அக்கா புருஷன் சீட்டுக்கு அடியிலிருந்து நாட்டுத் துப்பாக்கியை எடுத்தார். கோழியே வாங்கி வரவில்லை.

ஓடைக்குத் தண்ணீர் குடிக்க வந்த புள்ளிமானைச் சுட்டார். இடுப்பில்தான் பட்டது. அது எழப் பார்த்து எழப் பார்த்து விழுந்தது. பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார். அதற்குப் பிறகுதான் கழுத்தை அறுத்தார்.

"மாப்ள, செத்த நேரம் காலைப் பிடிங்க" என்றார். பிடித்தேன். கத்தி வயிற்றில் இறங்கியதும் மடியிலிருந்து பால் வடிந்து, ரத்தத்தோடு கலந்து என் விரல்களில் ஓடியது. வெதுவெதுப்பாக இருந்தது.

"குட்டி பக்கத்துலதான் எங்கயாச்சும் இருக்கும்க்கா" என்றேன்.

"இருந்தா இருக்கட்டும்டா. பால் குடுக்குறதோட கறி மெத்துன்னு இருக்கும்."

கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டேதான் அக்கா இதைச் சொன்னாள். நான் வேனில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் பங்கு என்று ஒரு தூக்குவாளி நிறையக் கறி கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். "வனத்துறைக்கு ஒரு போன் போடுங்களேன்" என்றாள் என் மனைவி ரீட்டா. போனைக் கையில் எடுத்தேன். அந்தப் போட்டோவில் எங்கள் மகளும் சிரித்துக்கொண்டு இருக்கிறாள். காலைப் பிடித்தது நான்.

யோசித்துக்கொண்டிருக்கும்போதே அதே போனில் அக்கா கூப்பிட்டாள். "கறி எப்படிடா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுக்கா" என்றேன்.