அடுத்த செவ்வாய்க்கிழமைக்கான நன்றி

மார்ச் 3, செவ்வாய்

கால் வலி. மருந்துக் கிடங்கில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைப் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். நாலு மணிக்கு எழுந்து போகத் தெம்பில்லை. உட்கார்ந்த இடத்திலேயே 'ஐந்து டிகிரி' என்று எழுதிவிட்டேன். எப்போதும் ஐந்துதானே?

வீட்டுக்கு வந்தால் மகளின் ஜெபக் குறிப்பேடு மேஜையில் காத்திருக்கிறது. பதினாலு வயது. தினம் ஒரு பக்கம் அவள் எழுதுவாள், நான் படித்துக் கையெழுத்துப் போடுவேன். இது நான் போட்ட சட்டம். மூன்று வருடமாக ஒரு நாள் தவறவில்லை.

"உன் கையெழுத்தப் பாத்துட்டுத்தான் பரலோகத்துல ஃபைல நகத்துவாங்களோ?" என்றார் என் கணவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

கையெழுத்துப் போட்டு மூடும்போது பக்கம் புரண்டது. நாளைய ஜெபம் எழுதியிருந்தது. நாளை மறுநாளையதும். மாதக் கடைசி வரை! அடுத்த செவ்வாயில்: "ஆண்டவரே, இன்று கணக்குப் பரீட்சையை நன்றாக எழுத வைத்ததற்கு நன்றி." பரீட்சையே இன்னும் நடக்கவில்லை.

கத்தினேன். "கடவுளையே ஏமாத்தப் பாக்குறியா?"

அவள் அழக்கூட இல்லை. "அவர ஏன்மா ஏமாத்தப் போறேன்? அவர்கிட்ட தனியா பேசிக்கிறேன். இது நீங்க பாக்குற நோட்டு. உங்களுக்குத்தான் எழுதறேன்."

என்ன வாய்! குறிப்பேட்டைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆனால் 'நீங்க பாக்குற நோட்டு' என்று அவள் சொன்னது காதிலேயே நிற்கிறது.

மார்ச் 6, வெள்ளி

வெப்பநிலை அட்டைகளைப் புரட்டினேன். போன மாத நாலு மணிக் கட்டங்களில் ஐந்து, ஐந்து, ஐந்து. எல்லாம் என் கையெழுத்து. எத்தனை நிஜம் என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகரின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படிம்மா இப்படி வளத்தீங்க? அந்த நோட்டு விஷயத்த எங்க பசங்களுக்கும் சொல்லிக் குடுங்க."

மகள் பக்கத்தில் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டைப் பூட்டி வைத்திருப்பதைச் சொல்லி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இந்தப் பாராட்டுக்காகத்தான் அவளை இத்தனை வருடம் விரட்டினேனா?

மார்ச் 9, திங்கள்

மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொன்னேன். எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். அந்த மருந்துகளையெல்லாம் சோதிக்க வேண்டுமாம். வீட்டில் மகளிடமும் சொன்னேன்.

படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, "திட்டினாங்களாம்மா?"

"ம். நல்லா."

"பயமா இல்லையா?"

"இருந்துச்சு."

மார்ச் 10, செவ்வாய்

பரீட்சை எப்படி என்று கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு.

மார்ச் 13, வெள்ளி

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் நின்றாள். "அம்மா, கணக்குல முப்பத்தெட்டு."

நூற்றுக்கு. நான் கேட்காமல் அவளாகச் சொன்னது. இந்த மூன்று வருடத்தில் முதல் தடவை. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன்.

"திட்டலையா?"

"திட்டத் தெம்பில்ல. நாளைக்குக் கணக்குப் புஸ்தகத்த எடுத்துட்டு வா, உக்காந்து போடலாம். அத விட மாட்டேன்."

அலமாரியைத் திறந்து குறிப்பேட்டை அவளிடம் கொடுத்தேன். "இத இனிமே நான் பாக்க மாட்டேன்."

நம்பாமல் பார்த்தாள். அப்புறம் மேஜையில் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். என் கழுத்து தானாக அந்தப் பக்கம் நீண்டது. எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். எல்லாம் தேய்த்து முடித்த பிறகும் எழுதிக்கொண்டே இருந்தாள்.