இறக்கையில் என் தையல்

11 மே 1936, திங்கள். எஹலியகொட.
விடிந்ததிலிருந்து மழை. ரப்பர் தோட்டத்துத் துரையின் பிளேன் இறக்கை ஒன்று லொறியில் எங்கள் தையல் கடைக்கு வந்தது. வேலி முள்ளில் மாட்டித் துணி ஒரு முழம் கிழிந்திருக்கிறது. உள்ளே வெறும் மரச்சட்டம். இவ்வளவுதானா ஆகாயக்கப்பல்? புதன்கிழமை பறக்க வேண்டுமாம். இவருக்கோ வலது கையில் நகச்சுத்து, ஊசி பிடிக்க முடியவில்லை. வந்த வேலையைத் திருப்பியனுப்பவும் மனமில்லை. நான் தைக்கிறேன் என்றேன். பின்கதவைச் சாத்தினார். “வெளிய சொல்லிராத. பொம்புள தச்சதுன்டா தொரை ஏறமாட்டாரு.”

செவ்வாய்.
முடிந்தது. பாதியைப் பிரித்து மறுபடி தைத்தேன். மேலே துணிப்பட்டி ஒட்டி இவர் பூச்சு அடித்தார். அந்த நாற்றத்தில் தலைவலி. இஞ்சி, சீனி வாங்க வேண்டும்.

புதன்.
டிரைவர் முத்துசாமி வந்து இவரைக் கூப்பிட்டார். தைத்தவனே முதலில் தன்னோடு ஏறட்டும் என்று துரையின் உத்தரவு. உண்மையைச் சொல்லிவிடுங்கள், ஏற வேண்டாம் என்று கெஞ்சினேன். கோட்டை மாட்டிக்கொண்டார். “நீ தச்சத நானே நம்பாட்டி?” என்றார். போய்விட்டார்.
அஸர் தொழுகை நேரம். கூரைக்கு மேல் சத்தம். பிறகு மழை. பிறகு சத்தம் இல்லை.

இருட்டி, மஃரிபுக்குப் பின்: முத்துசாமி கதவுக்கு வெளியே நின்று சொன்னார். “அக்கா, வயல்ல விழுந்துருச்சுங்க. ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்க.” இவருக்கு இடது கை முறிவு. துரைக்கு நெற்றியில் காயம். ஆஸ்பத்திரியில்.

வியாழன்.
தையல் விட்டுத்தான் விழுந்தது என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சாம். இவருடைய கூடப்பிறந்த நானா வந்து சொன்னார். கொஞ்ச நாள் கடையைப் பூட்டச் சொன்னார். அப்படியானால் அந்தக் கையை முறித்தது நான்.

வெள்ளி.
ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரம் குடையை எடுத்துக்கொண்டு நானே வயலுக்குப் போனேன். நாற்றெல்லாம் நசுங்கிக் கிடந்தது. வயல்காரி சிங்களத்தில் ஏசிக்கொண்டிருந்தாள். என்னை அல்ல, துரையை. சேற்றில் இறங்கினேன். இறக்கையில் பட்டி ஒட்டிய இடம் கண்டேன். விரலால் துடைத்துத் தடவினேன். ஒரு தையல்கூட விடவில்லை. பக்கத்தில் சட்டம் முறிந்திருக்கிறது, துணி கிழிந்திருக்கிறது. தைத்த இடம் அப்படியே.
உட்கார்ந்துவிட்டேன், சேற்றிலேயே.
அங்கிருந்து ஆஸ்பத்திரி. எஞ்சின் மழையில் நின்றுபோனதாம், இவர் சொன்னார். துரையும் அதையேதான் சொல்கிறாராம். “தையல் யாருதுன்டு தொரைகிட்ட சொல்லிட்டன்” என்றார்.

சனி.
மழை விட்டிருக்கிறது. முன்கதவைத் திறந்தேன். மெஷினைத் துடைத்தேன். முத்துசாமி காக்கிச் சட்டையோடு வந்தார், தோள்பட்டை கிழிசல். நானாவும் வந்து படியில் நின்றார். முகம் கறுத்திருந்தது. இனி யார் தைக்கிறது என்று கேட்டார்.
“நான்தான்” என்றேன். சட்டையை வாங்கிக்கொண்டேன்.