சீட்டுக் கம்பியில் உள்ள கோடுகள்

சின்னவளின் அப்பாவுக்கு,

அவளுக்கு சைக்கிள் வாங்கிவிட்டேன். மவுண்டன் பைக்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வளர்கிற பிள்ளைக்குப் புதிது எதற்கு என்று பழைய சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனேன்.

நான் ஒவ்வொன்றாக பிரேக் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நேராக மூலையில் நின்ற பச்சை வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"சீட்டை ஏத்தணும்க்கா, பொண்ணு மளமளன்னு வளருது" என்று கடைக்காரர் கம்பியை மேலே இழுத்தார். இழுக்க இழுக்கக் கோடுகள் வெளியே வந்தன.

ஒவ்வொரு பிறந்தநாளிலும் பெரியவனை உட்காரவைத்து, சீட்டை ஏற்றி, நீங்கள் ஆணியால் கீறிய கோடுகள். அவனுடைய சிவப்பு வண்டிக்குப் பச்சை அடித்தவர்கள் கம்பியை விட்டுவிட்டார்கள். அவன் இறந்துபோன பிறகு, "கண்ணுலயே படக்கூடாது" என்று நீங்கள் தள்ளிக்கொண்டுபோய் விற்ற வண்டி. அப்போது இவள் கைக்குழந்தை.

கடைசிக் கோடும் வெளியே வந்தது. கடைக்காரர் போல்ட்டை முடுக்கப்போனார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்க அண்ணா" என்றாள்.

அந்தக் கடைசிக் கோட்டுக்குக் கீழே கம்பி வழவழவென்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வண்டியை அவன் சாய்த்துவைக்கும் சுவரிலேயே சாய்த்தாள்.

அடுத்த மாதம் அவளுக்குப் பிறந்தநாள். அந்த ஆணியை நான் தூக்கிப்போடவில்லை. வாருங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா