துவோமோவுக்குத் தலையில் வந்த காய்ச்சல்

அன்பு மகள் கைசுவுக்கு,

நானும் அம்மாவும் உடம்பளவில் நலம்தான். அந்த வெயில் தேசத்தில் நீயும் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனை எடுத்தால் மழை பெய்ததா காளான் கிடைத்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன், உனக்கே தெரியும். அதனால்தான் பேனா. மரலாரி ஓட்டியவன் கையெழுத்து குண்டும் குழியுமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

வசந்தத்தில் உன் தம்பி துவோமோவுக்குத் தொண்டைக் காய்ச்சல் வந்ததல்லவா, அதன்பிறகு பேச்சைக் குறைத்துவிட்டான். வேறு தேசமாக இருந்தால் என்னடா ஆயிற்று என்று யாராவது கேட்டிருப்பார்கள். நம் ஃபின்லாந்தில் பேசாமல் இருப்பவனுக்குத்தானே மரியாதை. நடுக்கோடைப் பண்டிகையன்று சவுனா நீராவி அறையில் முகம் சிவந்துபோய் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டு ஊர்ஹோ சூடான கல்லின் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, “உன் மகன் இப்பதான்யா ஆளாயிருக்கான், உன்ன மாதிரி லொடலொடன்னு பேசாம” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஆவியில் எல்லோரும்தான் வெந்துகொண்டிருந்தோம், அவன் உடம்பு காய்ச்சலில் வேகிறது என்று யார் கண்டார்கள். அடுத்த வாரம்தான் அவன் உனக்குப் போன் போட்டு, நீ என் அக்கா இல்லை, அக்கா குரலைத் திருடியவள் என்று கத்தியதும், நீ அழுதுகொண்டே வைத்ததும். அதற்குப் பிறகு நீ அவனோடு பேசவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை அம்மா.

ஆஸ்பத்திரியில் முதலில் மனநோய்ப் பிரிவில் சேர்த்தார்கள். மூளையில் டோபமைன் என்று ஒன்று இருக்கிறதாம், எது முக்கியம் எது சும்மா என்று நமக்குச் சொல்வது அதன் வேலைகளில் ஒன்றாம். அது அளவு மீறினால் சுவரில் உட்கார்ந்த ஈ கூட நமக்குச் சேதி கொண்டுவந்ததாகத் தோன்றுமாம். அதை அடக்க மாத்திரை கொடுத்தார்கள். பையன் கட்டையாக விறைத்துப்போனான், ஸ்பூன் பிடித்த கை பாதியில் அப்படியே நின்றது. அப்போதுதான் டாக்டர் இங்கெரி, உன்னைவிட இளையவள், முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னாள். கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் அவன் மூளையையே தாக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தத் தாக்குதலில் டோபமைனும் தடம் புரளலாமாம். டோபமைன் சொல்வது காவல்படையின் காதிலும் விழுமாம், ஒன்றை ஒன்று கிளறிவிடுமாம். அப்படியானால் இவனுக்கு எது எதை எவ்வளவு கெடுத்தது என்று கேட்டேன். “அது எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியாதுங்க” என்றாள். தெரியாது என்று சொன்னதால் அவள்மேல் நம்பிக்கை வந்தது. எஞ்சினில் தீப்பிடித்த லாரிக்கு நாம் பிரேக்கை மட்டும் மிதித்திருக்கிறோம், அப்படித்தானே என்றேன். எல்லா மனநோயும் இப்படியில்லை, பக்கத்து அறைக்காரர்களுக்கு வைத்தியம் சொல்லப் போய்விடாதீர்கள் என்று அதட்டினாள். போகத்தான் எழுந்திருந்தேன்.

இப்போது ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள், காவல்படையை அடக்க மருந்தும் ஏறுகிறது. முழுக்கத் திரும்புவான் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. விறைப்பு விட்டுவிட்டது. காபி கழுநீர் மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தான், அவள் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள், சந்தோஷத்தில்தான். ஞாயிறன்று உன்னைப் பற்றிக் கேட்டான். போன் போட்டுத் தரவா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினான். அப்புறம் சொன்னான். “பேசிப் பாத்து, அது அக்கா குரலாத் தெரியலன்னா? அப்ப நான் இன்னும் சரியாகலன்னுதானப்பா அர்த்தம்.” நான் ஜன்னல் பக்கம் திரும்பி, மேகம் கட்டுகிறது என்றேன். நல்ல அப்பன்.

அவன் கூப்பிடமாட்டான், நீதான் கூப்பிட வேண்டும். அன்று அவன் சொன்னதைச் சொல்லவே இல்லை என்று பூசி மெழுகமாட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தேன். அவன் உன்மேல் கோபப்பட்டுக் கத்தவில்லை கைசு. தன் அக்காவை யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்று பயந்து கத்தியிருக்கிறான்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. அம்மா கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறாள், அந்த வெயிலில் எதற்கு என்று கேட்டு அவள் மனதை நோகடிக்காதே. மறக்காதே, கடிதம் கிடைத்ததும் வரும் சனிக்கிழமை நம் ஊர் நேரத்துக்கு மதியம் கூப்பிடு, நான் அவன் பக்கத்தில் இருப்பேன். உன் குரல் அவனுக்குத் தெரியாமல் போனாலும் வைத்துவிடாதே. யார் என்று கேட்டால் பெயரைச் சொல். மறுபடி கேட்டால் மறுபடி சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
வேய்க்கோ